அறத்தொடு நிற்பார் யார்?

காதற் கதைகளைப் பற்றி எழுத இவ்விதழுக்கு என்ன வேலை என்று கேட்பார் இருக்கலாம். மொழிநலமும் இனநலமும் பேசவேண்டிய பக்கங்களில் கல்லூரிப் பிள்ளைகளின் காதலுக்கு இடந் தருவதா என முகஞ் சுளிப்பாரும் இருக்கலாம். அவர்க்கு ஒன்று சொல்வோம். காதலுக்கு நிலமும் பொழுதும் பூவும் பறவையும் வகுத்து, அதனை இலக்கணமாகவே கட்டிவைத்த மொழி நம் மொழி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவுக்கு ஓர் இயல். கற்புக்கு ஓர் இயல். காதலர் இருவர் கண்டு கூடும் ஒழுக்கத்திற்கு உரிய திணை குறிஞ்சி. அத்திணைக்குப் பெயர் தந்த பூ, பன்னீராண்டுக்கு ஒருமுறை பூத்து மலைச்சரிவையே நீலமாக்கும் இடங்களுள் ஒன்று நம் பழனிமலைத் தொடர். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அம்மலையில் வாழும் பளியர், தம் அகவையையே இப்பூ பூத்த முறைகொண்டு கணக்கிட்டு வந்தனர். காதலைப் பற்றிப் பேசத் தமிழனுக்கு உரிமை இல்லையென்றால் வேறு எவனுக்கு உண்டு?

பேசும் உரிமை நமக்கு இருக்கிறது; பேசுகிறவர் பிறராக இருக்கின்றனர். அம்மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் காதல் என்பதை இன்று யாரிடம் கற்கின்றனர்?

கி.பி. 2009இல் (தி.பி. 2040) ஆங்கிலத்தில் ஒரு புதினம் வெளிவந்தது. எழுதியவர் தில்லியிற் பிறந்த சேத்தன் பகத்து. நூலின் பெயர் 'டூ சுடேட்சு'. அஃதாவது 'இரு மாநிலங்கள்'. தம் திருமணத்தின் கதை என்று அட்டையிலேயே அறிவித்துக் கொண்டார். அவர்தம் துணைவியார் தமிழ்ப்பெண். 2014இல் அஃது இந்தித் திரைப்படமாகவும் வந்தது. வேறுபட்ட மாணவர் இருவரின் கல்லூரிக் காதல் என்றால் இன்று இந்தியாவெங்கும் ஆங்கிலம் படித்த இளையோர் நினைவிற்கு முதலில் வரும் நூல்களுள் இஃதொன்று.

கதையைச் சுருங்கச் சொல்வோம். அகமதாபாதிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் உணவுக்கூடத்தில் இருவர் எதிர்ப்படுகின்றனர். ஒருவன் பஞ்சாபியனாகிய கிரிசு. மற்றவள் சென்னை மயிலாப்பூர்ப் பார்ப்பனக் குடும்பத்துப் பெண்ணாகிய அனன்யா. சாம்பார் சாம்பாராக இல்லையென்று அவள் பூசலிடும் இடத்தில் பழக்கம் தொடங்குகிறது. படிப்பு முடிவதற்குள் காதல் முற்றிவிடுகிறது. இரு வீட்டாரும் இசையவில்லை. அவன் தன் வங்கிப் பணியைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு வந்து, பெண்வீட்டாரை ஒவ்வொருவராக வளைக்கிறான். அவள் தில்லி சென்று அவன் வீட்டாரின் உள்ளத்தை வெல்ல முயல்கிறாள். முடிவில் சென்னையில் திருமணம்.

நூலைப் பழிப்பதற்கென்றே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நகைச்சுவை இருக்கிறது; நடையில் தடையில்லை. பஞ்சாபித் திருமணம் ஒன்றில் மணமகன் வீட்டார் கூடுதல் விலைக்கு மகிழ்வுந்து கேட்டு நிற்க, அத்தனை பேர் நடுவிலும் அனன்யா எழுந்து அவர்களை நாணச் செய்யும் இடம் உண்மையிலேயே நன்று. அப்பக்கங்களுக்காக ஆசிரியரைப் பாராட்டுவோம்.

ஆயினும் சென்னைக்கு வந்த கிரிசு கண்ட தமிழ்நாடு எது? தமிழெழுத்தைப் பார்க்கிறான், உற்று நோக்கினால் தலைநோவு தரும் கண்மருட்டுப் படங்களை நினைத்துக் கொள்கிறான். தமிழ்முகத்தைப் பார்க்கிறான், நிறம் அவன் கண்ணை உறுத்துகிறது. இத்தனைக்கும் அவன் காதலிப்பது இம்மண்ணிற் பிறந்தவளை! அவள் வீட்டாரை அவன் வெல்லும் முறைகளைப் பாருங்கள். தம்பிக்குத் தொழில்நுட்பக் கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி. தந்தைக்கு அலுவலகத்தில் காட்டக் கணிப்பொறிப் படவுரை. தாய்க்கு வங்கி நடத்தும் இசைவிழாவில் பாட மேடை. அகப்பாட்டுத் தலைவன் தழையும் பூவும் கையுறையாகக் கொண்டு வருவான். இவன் நுழைவுத் தேர்வைக் கையுறையாகக் கொண்டு வருகிறான். இத்தனை வழி தேடியவனுக்குத் தமிழ் கற்றல் ஒரு வழியாகத் தோன்றவில்லை. அவர்களுடைய காதல் ஆங்கிலத்தில் நடக்கிறது. பூசல் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ், வீட்டிற்குள் முணுமுணுக்கும் முதியோர் மொழியாக ஒதுங்கி நிற்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இவ்விருவரும் உண்மையில் வேறுபட்டவர்கள்தாமா? இருவரும் ஒரே நுழைவுத் தேர்வு எழுதி ஒரே வாயில் வழியே உள்ளே வந்தவர்கள். இருவர்க்கும் ஒரே ஆங்கிலம். இருவர்க்கும் படித்து முடிக்குமுன்னரே பெருநிறுவனப் பணி. இரண்டு குடும்பமும் சாதி ஏணியின் மேற்படிகளில் நிற்பவை. எஞ்சிய வேறுபாடு சாம்பாரும் பனீரும். அமெரிக்காவில் 1970இல் எரிக் சீகல் எழுதிய 'லவ் சுடோரி'யிலாவது பெருஞ்செல்வன் மகனும் அடுமனைக்காரர் மகளும் காதலித்தனர். தந்தை மகனுக்குப் பொருள் கொடுப்பதை நிறுத்தினார். இங்கோ எவர்க்கும் எதுவும் குறையவில்லை. ஒருவரையொருவர் நகையாடிக்கொண்டு விருந்துண்ணப் போகின்றனர்.

வேறுபாடு காண அகமதாபாது வரை போகவேண்டுமா? கொடைக்கானலைப் பாருங்கள். 1845இல் அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலேறி வந்து வீடு கட்டிய ஊர் அது. 1863இல் வெள்ளைக்கார ஆட்சியர் ஒருவர் நீரோட்டத்தை மறித்து ஏரி செய்தார். 1901இல் அத்தொண்டர் பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பள்ளி எழுந்தது. இன்று பன்னாட்டுப் பிள்ளைகள் அங்குத் தங்கிப் பயில்கின்றனர். அதன்பின் ஆங்கிலவழி விடுதிப் பள்ளிகள் மலையெங்கும் முளைத்தன. அதே மலையில் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிக்கட்டு வயல்களில் பூண்டு விளைப்போர் பிள்ளைகள் இருக்கின்றனர். அப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விளைத்தவன் மகனுக்கு அவ்விடுதிப் பள்ளி வாயிற்கதவு திறப்பதில்லை. சோலைக்காட்டோரத்துப் பளியர் பிள்ளைகள் நிலையோ அதனினும் கீழ். இரு மாநிலங்கள் என்றால் இவையன்றோ? ஒரே மலை, ஒரே பனி, நடுவே ஆங்கிலம் என்னும் எல்லைக்கோடு. இக்கோட்டின் இருபுறத்துப் பிள்ளைகள் இருவர் ஒரு கல்லூரியில் எதிர்ப்பட்டால் என்ன நேரும் என்பதை எழுத ஆளில்லை. (மலையிலுள்ள குகையொன்றுக்கு வெள்ளைக்காரன் 'பேயின் அடுக்களை' எனப் பெயரிட்டான். 1991இல் வந்த 'குணா' திரைப்படத்திற்குப் பின் நம்மவர் அதனைக் 'குணா குகை' என்றனர். குறிஞ்சி பூக்கும் மலையில் இடங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை முதலில் வெள்ளையனிடமும் பின் திரைப்படத்திடமும் போயிருக்கிறது!)

இனிக் கபிலர்க்கு வருவோம். வடக்கிலிருந்து வந்த ஒருவனுக்கும் தமிழ்க் காதலுக்கும் தொடர்பு ஏற்பட்டது இது முதன்முறையன்று. ஆரிய அரசன் பிரகத்தன் என்பானுக்குத் தமிழ் அறிவுறுத்தற்பொருட்டுக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது அந்நூலோடு வழிவழி வரும் செய்தி. தமிழ் என்று ஈண்டுச் சொல்லப்பட்டது எழுத்தும் சொல்லும் மட்டுமன்று, தமிழர்தம் அகவொழுக்கம். பெற்றோர் பேசிக் கொடுக்காமல், குரவர் சடங்கு செய்யாமல், உள்ளம் ஒத்த இருவர் தாமே கூடுதல் அறமாகுமோ என்று ஐயுற்ற அயலானுக்கு, ஆகும் என்று 261 அடிகளில் விடை சொன்னார் கபிலர். அன்று வடவன் மாணவன், தமிழ்ப்புலவன் ஆசான். இன்று வடவர் ஒருவர் ஆங்கிலத்தில் ஆசானாக அமர, மயிலாப்பூரிலும் மதுரையிலும் கொடைக்கானலிலும் உள்ள நம் பிள்ளைகள் மாணவராகி, தமிழ்ப்பெண் எப்படிக் காதலிப்பாள் என்பதை அவரிடம் கற்கின்றனர்.

குறிஞ்சிப்பாட்டு என்றதும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்ப்பட்டியல்தான் பலர்க்கும் நினைவுக்கு வருகிறது. அப்பாட்டின் உயிர் அதிலில்லை. அப்பாட்டு முழுவதும் ஒருத்தியின் பேச்சு. தலைவியின் மேனி வாடுகிறது. தாய் நோயென்று எண்ணிக் குறி கேட்கிறாள். தெய்வங்களுக்குப் படையல் இடுகிறாள். அப்பொழுது தோழி செவிலியின் முன் நின்று நடந்ததைச் சொல்கிறாள். தினைப்புனம் காத்தது, அருவியாடியது, நாய்களோடு வந்த இளைஞன், சீறிவந்த களிற்றை அவன் அம்பெய்து விலக்கியது, மலையுறை தெய்வத்தைச் சான்றாக்கி அவன் சூளுரைத்தது, ஒன்றும் விடாமல் சொல்கிறாள். உங்களைக் கேளாமல் நாங்களே துணிந்தோம் என்பதையும் மறைக்கவில்லை. இதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்.' பெயரைக் கூர்ந்து பாருங்கள். காதலை வீட்டாரிடம் சொல்வது அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பதன்று, இறைஞ்சுவதன்று, விலைபேசுவதுமன்று. அறத்தின் பக்கம் போய் நிற்றல். தோழி தலைவிக்காக நிற்பாள். செவிலி நற்றாய்க்கு முன் நிற்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் முன் நிற்பாள். ஒவ்வொருவராக எழுந்து நிற்க, காதல் வீட்டின் உள்ளே நடந்து வரும். 'இரு மாநிலங்க'ளில் அப்படி நிற்பவர் எவருமில்லை. அங்கு ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டு இசைகின்றனர்.

இச்சொற்கள் போனதோடு அச்சொற்கள் தாங்கி நின்ற எண்ணமும் போயிற்று என்பதற்கு இன்னொரு சான்று. வீட்டார் இசையாதபோது காதலனோடு ஊரைவிட்டுச் செல்வதற்கு 'உடன்போக்கு' என்று பெயர். உடன் போதல், அவ்வளவே. அதில் இழிவின் நிழலும் இல்லை. கலித்தொகையில் மகளைத் தேடிப் பாலைவழியே வரும் செவிலியிடம், எதிரே வந்த துறவோர், அவள் செய்ததும் அறமே என்று சொல்லித் திருப்பி விடுகின்றனர். துறந்தோர் காதலுக்குச் சான்று சொல்லும் காட்சி இது! இன்று அதே செயலுக்கு நம் தெருக்களில் வழங்கும் சொல் 'ஓடிப்போனாள்' என்பது. திருடன் ஓடுவான், குற்றவாளி ஓடுவான். உடன்போக்கு ஓட்டமானபோதே துரத்துவோர் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டோம். தனித்தமிழ் என்பது அயற்சொல்லை நீக்கும் வேலை மட்டும் என்று எண்ணுவோர் இவ்விரு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 'ஓடிப்போதல்' தூய தமிழ்தான். ஓர் எழுத்தும் அயலில்லை.

பழனியின் பழம்பெயர் பொதினி. அங்கிருந்து ஆண்ட ஆவியர் கோமான் பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்தவன். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவனிடம் சென்றனர். பரிசில் வேண்டா, அவளிடம் திரும்பிப் போ என்று பாடினர். பரிசில் வாங்கி வாழும் புலவன், பரிசிலை உதறிவிட்டு ஒரு பெண்ணின் கண்ணீருக்காக மன்னன் முன் நின்றான். அதுவும் அறத்தொடு நிற்றலே. அம்மலையடிவாரத்தில்தான் நின்றான்.

அதே பழனியிலிருந்து ஒரு பெண் பொள்ளாச்சியில் பொறியியற் கல்லூரிக்குப் படிக்கச் சென்றாள். உடுமலைப்பேட்டை வட்டத்திலிருந்து ஓர் இளைஞனும் அங்கு வந்து படித்தான். அவள் வீட்டுச் சாதியும் அவன் வீட்டுச் சாதியும் எவை என்பது நாடறிந்தது. அவற்றை இவ்விதழில் அச்சிட மாட்டோம். அவன் வீட்டில் கூலிவேலை. காதலித்தனர். 2015இல் மணந்து கொண்டனர். 2016 மார்ச்சு 13ஆம் நாள், பட்டப்பகலில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாலையில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, உந்துவண்டியில் வந்தவர்கள் இருவரையும் வெட்டினர். அவன் இறந்தான், அவனுக்கு அகவை 22. அவள் வெட்டுக் காயங்களோடு பிழைத்தாள், அவளுக்கு 19. கடைவாயில் ஒன்றில் இருந்த படப்பொறியில் அக்கொலை பதிவாகி நாடெங்கும் பார்க்கப்பட்டது. 2017 திசம்பர் 12இல் திருப்பூர் வழக்குமன்றம், பெண்ணின் தந்தை உள்ளிட்ட அறுவர்க்குத் தூக்கு விதித்தது. 2020 சூன் 22இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. மற்றை ஐவரின் தூக்கை வாழ்நாட் சிறையாகக் குறைத்தது.

வேறுபட்ட மாணவர் இருவரின் கல்லூரிக் காதல், நம் மண்ணில் இது. இதில் சாம்பாருக்கு இடமில்லை. இருவர்க்கும் ஒரே தாய்மொழி, ஒரே மாநிலம், ஒரே வகை உணவு. வேறுபாடு பிறப்பில் வைக்கப்பட்டிருந்தது.

அவ்வாண்டை மீண்டும் நினைவுகொள்க. 2016. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திற்கு நூறாண்டு நிறைந்த ஆண்டு. ஊரூராக விழா எடுத்தோம். மலர் வெளியிட்டோம். 'ஜ'வும் 'ஷ'வும் இன்னும் எத்தனை ஏடுகளில் எஞ்சியுள்ளன என்று கணக்குப் பார்த்தோம். நூறாண்டுகளாகத் தமிழைத் தூய்மை செய்த கைகளுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும்: நாம் தூய்மை செய்த தமிழைப் பேசுகிற வாயே, சாதி பார்த்து வெட்டு என்றும் சொல்லுமாயின், நாம் களைந்தது என்ன? எழுத்தில் வடமொழியை விலக்கிவிட்டு, இல்லத்தில் வருணத்தை நடு அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். திருமண அழைப்பிதழில் 'சுபமுகூர்த்தம்' போய் 'நல்வேளை' வந்துவிட்டது. மணமகனைத் தேர்ந்த முறை மாறவில்லை. இவ்வழைப்பிதழ்கள் நம் அன்பர் வீடுகளிலிருந்தும் வருகின்றன. நாமும் சென்று வாழ்த்துரை வழங்குகிறோம். இதைச் சொன்னால் சினங்கொள்வோர் இருப்பர். சினங்கொள்க. அச்சினத்தில் ஒரு பாதியையாவது உங்கள் வீட்டுத் திருமணப் பேச்சில் காட்டுக.

தமிழில் இத்தகைய கதை எழுதியவரே இலரோ எனில், முற்றும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மு.வ. தம் 'அகல் விளக்'கில் சந்திரன், வேலய்யன் என இரு வேறு இயல்புடைய மாணவர்களை வைத்து ஒரு காலத்து இளைஞர் வாழ்வையே அளந்து காட்டினார். ஆனால் அது நட்பின் கதை. நா. பார்த்தசாரதி 'குறிஞ்சி மலர்' என்று பூவின் பெயரையே புதினத்திற்கு இட்டார். பூரணி, அரவிந்தன் எனத் தம் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட பெற்றோர் பலர். அவரே 'சத்திய வெள்ள'த்தில் மல்லிகைப்பந்தல் என்றொரு கற்பனை மலைநகரில் பல்கலைக்கழகம் எழுப்பி, பாண்டியன், கண்ணுக்கினியாள் என்னும் மாணவர் இருவரின் காதலை மாணவர் போராட்டத்தின் நடுவே வைத்தார். பெயர்களே எவ்வளவு இனியவை! தலைப்பில் வடசொல்லை வைத்தவர் தலைவிக்கு இத்தகைய பெயரை வைத்தார் என்பதற்காக அத்தலைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அதில் ஆட்சியாளரை எதிர்க்கும் துணிவு இருக்கிறது. சாதியை எதிர்நோக்கும் துணிவை அவ்வளவு காணோம். பெருமாள்முருகன் 2013இல் 'பூக்குழி' எழுதி, தருமபுரியில் அவ்வாண்டு மாண்ட இளவரசனுக்கு உரிமையாக்கினார். அதில் சாதி ஊராக நின்று பெண்ணைச் சூழ்கிறது. ஆயினும் அதன் காதலர் கல்லூரி மாணவர் அல்லர்.

எழுதப்பட வேண்டியது எஞ்சி நிற்கிறது. பழனியில் ஏறி வளைவுகள் பல கடந்து கொடைக்கானல் செல்லும் பேருந்தில் நாள்தோறும் கல்லூரிப் பிள்ளைகள் செல்கின்றனர். அங்கு 1984இல் தமிழக அரசு மகளிர்க்கெனப் பல்கலைக்கழகமே அமைத்தது. (அன்னை தெரசாவின் பெயர் வைத்தனர். அவ்வம்மையாரிடம் நமக்குக் குறையில்லை. ஔவையின் பெயரும் நினைவுக்கு வந்திருக்கலாம்.) வீட்டில் முதன்முதல் பட்டம் பெறும் பெண்கள் அங்கும் அடிவாரத்துக் கல்லூரிகளிலும் இருக்கின்றனர். அவர்கள் காதலிக்கின்றனர். தோழியிடம் சொல்கின்றனர். அத்தோழி வீட்டாரிடம் சொல்ல அஞ்சுகிறாள்; அஞ்சுவதற்கு உடுமலைப்பேட்டை போதும். அவ்வச்சத்தை உள்ளிருந்து எழுதும் புதினம் வேண்டும். அதில் தோழி எழுந்து பேச வேண்டும். ஒரு தாயேனும், ஒரு தமையனேனும், ஓர் ஆசிரியரேனும் அவளோடு சேர்ந்து நிற்பது எத்தகையது, நின்றால் அவர்க்கு என்ன நேரும், நின்றபின் அடுத்த நாள் காலை அத்தெருவில் எப்படி நடப்பர் என்பதெல்லாம் வேண்டும். காதலர் இறந்துபடும் கதைகள் போதுமான அளவு செய்தித்தாளிலேயே வருகின்றன. நிற்பவரின் கதைதான் வரவில்லை. ஆங்கிலத்தில் எவரேனும் எழுதி, இந்தியில் படமாகி, மொழிபெயர்ப்பாக நம்மிடம் வந்து சேரும்வரை காத்திருப்பது இழிவு.

பழனி, திண்டுக்கல், கொடைக்கானல் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாட்டைப் பாடமாக வைக்குங்கால், தொண்ணூற்றொன்பது பூப்பெயர்களைத் தேர்வுக்கு உருப்போட வைத்து முடித்துவிடாதீர்கள். தோழியின் பேச்சை முதலடி முதல் இறுதியடி வரை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். உடன்போக்கு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவ்வகுப்பில் எழுதும் ஆற்றலுடைய மாணவர் ஒருவர் இருந்து, இக்கதையை எழுதத் தொடங்கினால், முதற்பகுதியை இவ்விதழுக்கு விடுத்துவைக்கச் சொல்லுங்கள். திங்கள்தோறும் பக்கம் ஒதுக்குவோம்.